சேவலும் குதிரையும்: சக்கிமுக்கித் துப்பாக்கி ஏன் பிந்திச் சுடுகிறது?

மலாய்க்காரர் 'செனாப்பாங்' என்பதை நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் பன்றி வேட்டைக்குப் போகிறவர் தோளில் தொங்குவது 'செனாப்பாங் பாத்தா', அதாவது நடுவில் மடக்கித் தோட்டா போடும் பன்னிரண்டு 'போர்' (குழல் அளவு) துப்பாக்கி. இந்தச் சொல் மலாய்க்கு வந்தது டச்சுக்காரர்களின் 'ஸ்னாப்ஹான்' என்பதிலிருந்து. 'ஹான்' என்றால் சேவல். கழுத்தைப் பின்னுக்கு இழுத்து வெடுக்கென்று கொத்தும் சேவலைப் போல, வாயில் சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டு முன்னால் பாயும் உறுப்பைப் பார்த்து வைத்த பெயர். ஆங்கிலேயரும் அதைச் சேவல் என்றே அழைத்தார்கள். தமிழிலோ அது குதிரை. 'குதிரையை இழுத்துவிட்டான்' என்று இன்றும் எழுதுகிறோம். இன்றைய தோட்டாத் துப்பாக்கியில் கல் கிடையாது, ஆனால் அதன் பேரில் கல்லைக் கவ்விய சேவல் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கல் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது, அதைக் கொண்டு குறி பார்ப்பதும் வேட்டையாடுவதும் ஏன் இவ்வளவு கடினம் என்பதை இங்கே விரித்துச் சொல்கிறோம். காணொளிகளில் பார்க்கிறவர்களுக்குப் புகையும் சத்தமும்தான் தெரிகிறது. இதில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இரண்டே வழியாக வருகின்றன. ஒன்று நேரம், மற்றது ஈரம்.

முதலில் காலக்கணக்கு. போர்த்துகீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்த காலத்தில் இங்கே புழங்கியது திரித் துப்பாக்கி. மலாயில் அதற்கு 'இஸ்திங்கார்' என்று பெயர், அதுவும் போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்ததே. எரியும் கயிற்றை வெடிமருந்தில் தொட்டுச் சுட வேண்டும். கயிறு நனைந்தால் வேலை முடிந்தது, இருட்டில் அதன் நெருப்பு ஆளைக் காட்டிக்கொடுக்கும். பிரான்சில் 1610 வாக்கில் மாரின் லெ பூர்ழுவா என்ற கைவினைஞரின் பேரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல் பூட்டு, அதாவது கல்லும் குதிரையும் விற்களும் சேர்ந்த சுடும் அமைப்பு, வந்த பிறகு, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு உலகத்துப் படைகள் அதையே சுமந்தன. 1831-32 நானிங் போருக்கு மலாக்கா வந்திறங்கிய சென்னைப் படைப்பிரிவுச் சிப்பாய்கள் கையில் இருந்ததும் இந்த வகைதான். 1840-களில் படைகள் தொப்பி வெடிக்கு, அதாவது அடித்தால் வெடிக்கும் சிறு உலோகத் தொப்பிக்கு, மாறிவிட்டன. கோலகங்சாரில் கித்தா (ரப்பர்) கன்று நட்டது 1877-இல். ஆக, நம் தோட்டங்கள் பிறப்பதற்கு முன்பே இந்தத் துப்பாக்கி பழசாகிவிட்டது. 'எங்க தாத்தா கல்லு துப்பாக்கியில பன்றி சுட்டாரு' என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் குழலின் வாய்வழியாக மருந்து இடித்துத் தொப்பி வைத்துச் சுடும் 'செனாப்பாங் லந்தாக்' ஆக இருக்கும். இரண்டும் வேறு.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்ற விதி அப்போது இருந்தது. அவசரகாலம் முடிந்த அதே ஆண்டில் வந்தது 1960 ஆயுதச் சட்டம். உயிரைப் போக்கக்கூடிய குழலுள்ள எந்த ஆயுதமும் அதன் வரையறைக்குள் அடங்கும். பழசு, அலங்காரப் பொருள், வாய்வழி மருந்து என்பதெல்லாம் விலக்கு ஆகாது. 1971 துப்பாக்கிச் சட்டத்தின்படி சட்டவிரோதமாக வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. மருந்துக்குத் தனியாக 1957 வெடிபொருள் சட்டம். பரணில் கிடக்கும் பழைய குழலை 'சும்மா ஒரு தடவை' சோதித்துப் பார்க்கும் ஆசை யாருக்கும் வேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதனுள் பழைய மருந்து இன்னும் இருக்கலாம். கருமருந்து ஈரப்படாமல் இருந்தால் நூறு ஆண்டு கழித்தும் பற்றும்.

இனி பூட்டுக்கு வருவோம். கல் தீப்பொறி கக்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பொறி பிறப்பது எஃகிலிருந்து. குதிரையின் வாயில் இறுகியிருக்கும் கல், எதிரே நிற்கும் எஃகு மூடியின் முகத்தை மேலிருந்து கீழாகச் சீவிக்கொண்டு இறங்குகிறது. சீவப்பட்ட நுண்ணிய எஃகுத் துணுக்குகள் உராய்வில் சூடேறி, காற்றுப் பட்டதும் எரிகின்றன. அதுதான் பொறி. கித்தா மரத்தில் பால் வெட்டத் தெரிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உளி பட்டையில் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும், குத்தினால் மரம் காயப்படும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. கல்லும் அப்படித்தான். எஃகைச் சீவ வேண்டும், இடிக்கக் கூடாது.

அதே அடியில் அந்த மூடி பின்னால் சாய்ந்து, தன் கீழே இருக்கும் சின்னக் கிண்ணத்தைத் திறந்து காட்டுகிறது. கிண்ணத்தில் உள்ள பொடி மருந்தில் பொறி விழுகிறது. கிண்ணத்தை ஒட்டிக் குழலின் பக்கவாட்டில் ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை. கிண்ணத்துச் சுவாலையின் வெப்பம் அதன் வழியே உள்ளே பாய்ந்து பெரிய மருந்தைப் பற்றவைக்கிறது. பொறி, கிண்ணம், குழல் என்று மூன்று நெருப்பு, ஒன்றையடுத்து ஒன்று. எதில் தடை வந்தாலும் குண்டு போகாது. கிண்ணம் மட்டும் எரிந்து குழல் சும்மா இருப்பதுதான் மிகச் சாதாரணமாக நடப்பது. தீபாவளிக்கு நமத்துப்போன வெடியைக் கொளுத்தினால் வருமே ஒரு 'புஸ்', அதே புஸ்வாணம்.

கல்லைப் பொருத்துவதில்தான் பாதி வித்தை. கல்லின் அகலம் எஃகு முகத்தின் அகலத்துக்குச் சமமாகவோ மயிரிழை குறைவாகவோ இருக்க வேண்டும். அகலம் கூடினால் குழலின் பக்கத்தை உரசும். வெறும் இரும்பு வாயில் கல் நிற்காது, ஆகவே சிறு பூட்டுக்கு மெல்லிய தோல், படைத்துப்பாக்கி போன்ற பெரிய பூட்டுக்கு ஈயத்தகடு சுற்றி இறுக்குவார்கள். குதிரையைப் பாதி இழுப்பில் நிறுத்தி மூடியைச் சாத்தினால், கல் விளிம்புக்கும் எஃகுக்கும் நடுவே ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், விளிம்பு முழுவதும் ஒரே சீராக. ஒரு மூலை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த மூலை மட்டும் சீவும், பொறி பாதியாகும். கல் எஃகைத் தொடும் இடம் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கிய இடமாக இருந்தால் நல்லது. மிகவும் மேலே தொட்டால் வழுக்கும், கீழே தொட்டால் சீவுவதற்கு நீளம் போதாது. கல்லின் சாய்வு மேலே பார்க்க வேண்டுமா கீழே பார்க்க வேண்டுமா என்று ஓயாமல் வாதம் நடக்கும். இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்து எந்தப் பக்கம் பொறி கிண்ணத்தின் நடுவில் விழுகிறதோ அப்படி வைத்துக்கொள்வதுதான் சரி, பூட்டுக்குப் பூட்டு மாறும்.

நல்ல கல் இருபது முதல் ஐம்பது சுடுகை வரை தாங்கும். இங்கிலாந்தின் பிராண்டன் ஊர்க் கறுப்புக் கல்லும், பிரான்சின் தேன் நிறக் கல்லும் பேர்போனவை. விளிம்பு மழுங்கினால் சிறு பித்தளைக் கோலால் மெல்லத் தட்டிப் புது விளிம்பு எடுக்கலாம். மருந்து இட்ட துப்பாக்கியில் இந்த வேலை செய்யவே கூடாது, தட்டும்போதும் பொறி வரும்.

பொறி வராவிட்டால் எல்லோரும் கல்லைத்தான் திட்டுவார்கள். எஃகு மூடியையும் பார்க்க வேண்டும். அது போதிய அளவு கடினப்படுத்தப்படாமல் மென்மையாக இருந்தால் கல் அதில் பள்ளம் பறிக்கும், மங்கிய சிவப்புப் பொறி சோம்பலாக விழும். சரியான எஃகில் பொறி வெள்ளையாக, கிண்ணத்தில் விழுந்த பிறகும் சீறும். விற்களின் பலமும் ஒத்துப்போக வேண்டும். மூடியைப் பிடித்திருக்கும் வில் மிகவும் விறைப்பாக இருந்தால் மூடி தாமதமாகத் திறக்கும் அல்லது திறந்த வேகத்தில் திரும்பி வந்து கல்லின் விளிம்பை உடைக்கும். மலிவுப் பூட்டுகளில் அதிகம் காணும் கோளாறு இது. ஒவ்வொரு சுடுகைக்கும் கல் சில்லுச் சில்லாக உதிர்கிறது என்றால் கல்லை மாற்றிப் பயனில்லை.

இந்த மூன்று நெருப்பும் முடிய ஏறத்தாழ 0.05 முதல் 0.1 விநாடி ஆகும். கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை என்று பள்ளியில் படித்தோம், அதில் பாதிகூட இல்லை. ஆனால் இன்றைய துப்பாக்கியில் விசைக்கும் வெடிக்கும் நடுவே இருப்பது ஆயிரத்தில் சில பங்கு விநாடி. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பன்றி 0.08 விநாடியில் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நெஞ்சைக் குறிவைத்த குண்டு பின்னங்காலுக்கும் பின்னால் போகும். அதைவிட மோசமானது சுடுகிறவரின் உடம்பு. கன்னத்துக்குப் பக்கத்தில் கிண்ணம் சீறியதும் தலை தானாகவே பின்வாங்கும், கை துள்ளும். குண்டு குழலை விட்டுப் போகும் முன் குறி கலைந்துவிடும். ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807-இல் அடித்தால் வெடிக்கும் ரசாயனத்துக்குக் காப்புரிமை பெற்றதற்கு இந்தத் தாமதமே தூண்டுதல். கிண்ணத்து வெளிச்சத்தைப் பார்த்ததும் பறவைகள் தப்பிவிடுகின்றன என்பது அவர் குறை. கல் பூட்டுக்குச் சாவுமணி அடித்தது ஒரு வாத்து வேட்டைக்காரரின் எரிச்சல் என்று சொல்லலாம்.

தாமதத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் சுடுகிறவர் கையில்தான் இருக்கிறது. புதியவர் செய்யும் முதல் தவறு, கிண்ணத்தை நிறைய நிரப்பித் துளையையும் மருந்தால் அடைத்துவிடுவது. துளைக்குள் மருந்து இருந்தால் அது திரியைப் போல முனையிலிருந்து எரிந்துகொண்டு போக வேண்டும். துளை வெறுமையாக இருந்தால் சுவாலையின் வெப்பம் ஒரே பாய்ச்சலில் உள்ளே போகும். கிண்ணத்துக்கு மூன்று முதல் ஐந்து கிரெயின் போதும். ஒரு கிரெயின் 0.065 கிராம், ஆக கால் கிராம் அளவு. துளையை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டு, மருந்தைத் துளைக்குக் கீழ்மட்டத்தில் பரப்ப வேண்டும்.

உள்ளே போடும் அளவு துப்பாக்கிக்கேற்ப மாறும். பென்சில்வேனியாவில் ஜெர்மானியக் குடியேறிகள் உருவாக்கிய நீண்ட குழல் ரைஃபிளைப் பார்த்துச் செய்யும் இன்றைய அரை அங்குலத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டால், 0.490 அங்குல ஈயக் குண்டு, 0.015 அங்குலக் கனமுள்ள பருத்தித் துணிவட்டம், 60 முதல் 80 கிரெயின் கருமருந்து. குண்டின் எடை சுமார் 177 கிரெயின், அதாவது பதினொன்றரை கிராம். குழலின் உட்புரியை (குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளங்களை) பற்றிக்கொண்டு சுழல்வது துணி, ஈயம் புரியைத் தொடுவதேயில்லை. சுட்ட பிறகு முன்னால் பத்து மீட்டரில் விழுந்து கிடக்கும் துணியைப் பொறுக்கிப் பார்ப்பவர் துப்பாக்கியின் ஜாதகத்தையே படிக்கலாம். ஓரம் கிழிந்து நூலாகியிருந்தால் புரியின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. நடு கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லியது அல்லது மசகு போதவில்லை. வட்டமாக, கருமை நடுவில் மட்டும் படிந்திருந்தால் எல்லாம் சரி.

இடும் முறையில் மாறாத ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் இடிகோலை வெறும் குழலில் விட்டு உள்ளே ஏற்கெனவே மருந்து இல்லை என்று பார்க்க வேண்டும். அதற்காகவே கோலில் இரண்டு கீறல் போட்டு வைப்பார்கள், வெறுமைக்கு ஒன்று, நிறைந்ததற்கு ஒன்று. குதிரை இறங்கியோ பாதி இழுப்பிலோ, மூடி திறந்து, கிண்ணம் காலியாக இருக்க வேண்டும். மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலில் ஊற்றக் கூடாது. முந்தைய சுடுகையின் கனல் உள்ளே இருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். அளவைக் குழாயில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும். பிறகு குழலின் பக்கத்தில் இரண்டு தட்டு, துணி, அதன்மேல் குண்டு, வார்ப்புத் தழும்பு மேல்நோக்கி. கோலைச் சாண் சாணாகப் பிடித்துத் தள்ள வேண்டும், நுனியில் பிடித்து அழுத்தினால் மரக்கோல் முறிந்து உள்ளங்கைக்குள் ஏறும். குண்டு மருந்தின் மேல் இடைவெளியில்லாமல் உட்கார்ந்தே ஆக வேண்டும். நடுவழியில் நின்ற குண்டோடு சுட்டால் அந்த இடத்தில் குழல் உப்பிவிடும், சில சமயம் வெடித்துவிடும். கிண்ணத்துக்கு மருந்து வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி, சுடும் கோட்டில் நின்று குழல் குறியைப் பார்த்திருக்கும்போது மட்டும்.

பேச்சுக்கொடுத்துக்கொண்டே மருந்து இடுகிறவர் ஒருநாள் மருந்தில்லாமல் குண்டை மட்டும் இடித்துவிடுவார். இது எல்லாக் களத்திலும் நடக்கும் வேடிக்கை. துளை வழியாகக் கொஞ்சம் பொடி மருந்தைத் தள்ளிச் சுட்டு வெளியேற்றுவார்கள், அதற்கு முன் குண்டு அடிவரை இறங்கியிருக்கிறதா என்று கோலால் பார்த்துக்கொள்வார்கள். வேடிக்கையில்லாத விஷயம், கிண்ணம் எரிந்தும் சுடாத துப்பாக்கி. அது ஒரு விநாடி கழித்தும் சுடலாம், பத்து விநாடி கழித்தும் சுடலாம். குறைந்தது ஒரு நிமிடம் குழலைக் குறியை விட்டுத் திருப்பக் கூடாது. துளை இருக்கும் வலப்பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, அந்தச் சீறல் பக்கத்திலிருப்பவரின் முகத்தைச் சுடும். இன்னொன்று, புகையில்லா நவீன மருந்தை இதில் ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது, குழல் சிதறும். கருமருந்துக்கு மாற்றாக விற்கும் சில பொடிகள் சிதறடிக்காது, ஆனால் பற்றுவதற்கு அதிக வெப்பம் கேட்பவை, ஆகவே கல் பூட்டில் மக்கர் செய்யும்.

ஈரத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அதுதான் புகை, அதுதான் குழலில் படியும் கசடு. அந்தக் கசடு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். குளிர்நாட்டு வறண்ட காற்றில் அது ஓடு போல இறுகி, ஐந்தாவது குண்டே இறங்க மறுக்கும். நம் ஊரைப் போல விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும் காற்றில் கதை வேறு. குழலில் கசடு இளகிக் குண்டு சுலபமாக இறங்கும், ஆனால் கிண்ணத்தில் கரிக்குழம்பாகத் தேங்கும். அதன்மேல் புது மருந்து தூவினால் சேற்றில் விதைத்த மாதிரி. ஒவ்வொரு சுடுகைக்கும் கிண்ணத்தையும் கல் விளிம்பையும் எஃகு முகத்தையும் துணியால் துடைக்காமல் அடுத்தது இல்லை. மிக நுண்ணிய மருந்து ஈரத்தை விரைவாக வாங்கும் என்பதால் இப்படிப்பட்ட காற்றில் கொஞ்சம் பருத்த மணியையே கிண்ணத்துக்கும் வைப்பவர்கள் உண்டு. கொஞ்சம் தாமதம் கூடினாலும் சுடாமல் போவதற்கு அது மேல். பால் மரம் நனைந்தால் வெட்டு இல்லை என்று வீட்டுக்குத் திரும்பும் ஊரில் இந்தப் பூட்டின் கஷ்டம் யாருக்கும் புதிதாக இருக்காது.

துணிக்கு மசகாகக் கொழுப்போ ஆலிவ் எண்ணெயோ தேன்மெழுகோடு கலந்து பூசுவது வழக்கம். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் கைவசம் இருக்கிறதே என்று தோன்றும். அது 24 பாகையிலேயே உருகிவிடும், நம் வெயிலில் எப்போதும் தண்ணீராகத்தான் இருக்கும். உடனே சுடுவதானால் பரவாயில்லை, மருந்தோடு சில மணி நேரம் காத்திருந்தால் எண்ணெய் கீழே இறங்கி மருந்தை நனைத்துவிடும்.

குறிபார்க்கும் போட்டிகளை 1971-இல் தோன்றிய அனைத்துலக வாய்வழித் துப்பாக்கிச் சங்கங்களின் குழு நடத்துகிறது. அதில் 'மிகெலெட்' என்ற பிரிவு புரியில்லாத படைத்துப்பாக்கிக்கானது. 50 மீட்டர், நின்றபடி, 30 நிமிடத்தில் 13 சுடுகை, அவற்றில் நல்ல பத்து கணக்கில் சேரும். 30 நிமிடம் தாராளமாகத் தோன்றும். துடைத்து, குத்தி, இடித்து, வைத்துச் சுட்டால் ஒரு சுடுகைக்கு இரண்டேகால் நிமிடம், ஒரு மக்கர் வந்தால் அதிலும் இடி. பயிற்சியின் சாரம் ஒன்றே: விசையை இழுத்த பிறகும் எதுவும் நடக்காதது போல முன்குறியைப் பார்த்துக்கொண்டே நிற்பது. கல்லுக்குப் பதில் அதே வடிவில் ஒரு மரத்துண்டை வாயில் வைத்து, வீட்டிலேயே நூறு தடவை இழுத்துப் பழகுவார்கள். கன்னம் கட்டையை விட்டு எழுந்தால் அன்றைய பயிற்சி வீண்.

வேட்டைக்கு இதை இன்றும் சட்டப்படி தனிப் பருவம் வைத்து அனுமதிக்கும் இடம் அமெரிக்காவின் பென்சில்வேனியா. 1974 முதல் கிறிஸ்துமஸுக்குப் பிறகு மான் வேட்டையில் கல் பூட்டுக்கென்று ஒரு பருவம். பனியும் தூறலும் உள்ள மாதம் அது. மழையென்றால் பூட்டின் மேல் கொழுப்புப் பூசிய தோல் உறை போர்த்தி, பூட்டை அக்குளுக்குள் வைத்து, குழல் வாயைக் கீழே சாய்த்து நடப்பார்கள். கிண்ணத்து மருந்தை மணிக்கொரு முறை கொட்டிவிட்டுப் புதிதாக வைப்பார்கள். நிற்கும் மிருகத்தை 60, 70 மீட்டருக்குள் சுடுவதுதான் நியாயம். உருண்டைக் குண்டு விநாடிக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கிளம்பினாலும் 90 மீட்டர் போவதற்குள் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். செம்பனை வரிசைக்குள் நம் ஆட்கள் பெரிய ஈய உருண்டைகள் அடைத்த எஸ்.ஜி. தோட்டாவோடு பன்றிக்குக் காத்திருக்கும்போது இரண்டாவது குழல் துணைக்கு இருக்கிறது. கல் பூட்டுக்காரருக்கு இரண்டாவது குண்டு இறங்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும், தன் எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்க முன்னால் புகை கலைய வேண்டும். காயம்பட்ட பன்றி அந்த அரை நிமிடத்தைத் தராது. ஆகவே அனுபவமுள்ளவர் சுடாமல் விட்ட மிருகங்கள்தான் அதிகம்.

சுட்டு முடித்த அன்றே கழுவ வேண்டும், மறுநாளுக்கு விட்டால் நம் காற்றில் ஒரே இரவில் குழலுக்குள் துரு பூக்கும். துளையைக் குச்சியால் அடைத்து, சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரைக் குழலில் நிறுத்தி, ஊற்றிவிட்டு, துணி வெள்ளையாக வரும்வரை இழுத்து, காயவைத்து, எண்ணெய்த் துணி ஓட்ட வேண்டும். பெட்ரோலிய எண்ணெயைக் கசட்டின் மேலேயே தடவினால் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும், முதலில் தண்ணீர்தான். பூட்டைக் கழற்றித் தனியே கழுவ வேண்டும், உள்விற்களுக்கு நடுவே தங்கும் கரிதான் அடுத்த முறை விசை பிசகுவதற்குக் காரணம். அடுத்த முறை சுடுவதற்கு முன் அதே எண்ணெயைக் குழலிலிருந்தும் எஃகு முகத்திலிருந்தும் சாராயத் துணியால் முற்றிலும் துடைத்தெடுக்க வேண்டும். பொறி வராத புதுக் கல்லுக்குப் பாதி காரணம் எஃகில் விட்டுப்போன எண்ணெய்ப் பிசுக்கு. மறுநாள் ஒரு வெள்ளைத் துணியைக் குழலில் இழுத்துப் பாருங்கள். பழுப்பாக வந்தால் முதலிலிருந்து ஒருமுறை கழுவ வேண்டியதுதான்.